அல்சூரில் ஓடும் என் தேடுபொறி

மாற்றுத் தேடுபொறி என்று பெயர் போட்டுக்கொள்பவற்றில் பல, மைக்ரோசாஃப்டின் பிங்கிடம் விடையை வாங்கிப் பரிமாறுபவைதான். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற பட்டியலை, அதாவது சொல்லடைவை, சொந்தமாக வைத்திருப்பவை மிகக் குறைவு. ஜெர்மனியில் மைக்கேல் கிறிஸ்டன் 2003இல் தொடங்கிய யாசி அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்தது. கட்டற்ற மென்பொருள், மைய சர்வர் கிடையாது. நிறுவியிருப்பவர்களின் கணினிகளே தளங்களைப் படித்து, சொல்லடைவைப் பங்குபோட்டுச் சுமக்கின்றன.

நிறுவுவது பெரிய வித்தை இல்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டுவும் ஜாவாவும் போட்டு யாசியை ஓடவிட்டேன். பிரவுசரில் 8090 போர்ட்டை (கணினிக்குள் நுழையும் வாசல் எண்) திறந்ததும் தேடல் பெட்டி வந்துவிட்டது.

இழுபறி அதற்குப் பிறகுதான். வெளியிலிருந்து அணுக முடியாத கணினியை யாசி ‘ஜூனியர்’ என்று ஒதுக்கிவிடும். ஜூனியர் மற்றவர்களிடம் கேட்கலாம். மற்றவர்கள் அதனிடம் வந்து கேட்க முடியாது. அணுக முடிந்தால்தான் ‘சீனியர்’. ரௌட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டும் பதவி உயர்வு வரவில்லை. ரௌட்டரின் வெளி முகவரியைப் பார்த்தேன்: 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டவை. என் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அடுக்ககத்தின் கேட் பூட்டியிருந்தது.

வாடிக்கையாளர் சேவையில் யார் எடுத்தாலும் ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். (எந்த நோய்க்கும் அதே கஷாயம்.) கடைசியில் லைன் பார்க்க வந்த கிருஷ்ணகிரித் தம்பிதான் வழி சொன்னார்: “அண்ணா, போனில் கேட்டால் நடக்காது. ஸ்டேடிக் ஐ.பி. வேண்டும் என்று மெயில் போடுங்கள். மாதாமாதம் தனியாகப் பணம் பிடிப்பார்கள், பரவாயில்லையா?” பரவாயில்லை என்றேன். எனக்கென்று மாறாத பொது முகவரி வந்த அன்றே சீனியர் ஆகிவிட்டேன்.

முயல்பவர்களுக்கு ஒன்று: தேடல் பக்கமும் நிர்வாகப் பக்கங்களும் ஒரே போர்ட்டில்தான் வருகின்றன. வெளியே திறப்பதற்கு முன் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

தளங்களைப் படிக்கவிடும்போது ஆழத்தைக் குறைவாக வைப்பது நல்லது. ஆழம் 0 என்றால் கொடுத்த பக்கம் மட்டும். 1 என்றால் அதிலுள்ள இணைப்புகளும். மூன்றைத் தாண்டினால் விளம்பரக் குப்பையெல்லாம் வீட்டுக்கு வந்து சேரும். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் (1998இல் தொடங்கியது) நூல்களிலிருந்து ஆரம்பித்தேன். யூனிகோடில் உள்ளவை ஒழுங்காக ஏறின. யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டில் இருந்த பழைய கோப்புகளோ முடிவுப் பட்டியலில் புரியாத ஐரோப்பிய எழுத்துகளாக வந்து நின்றன. யூனிகோடில் தட்டச்சு செய்து அவற்றைத் தேடிப் பிடிக்க வழியில்லை. அவற்றை விலக்கச் சொல்லி வடிகட்டியில் எழுதிவைத்தேன்.

வேற்றுமை உருபுதான் இன்னும் தீராத தலைவலி. ‘குளம்’ என்று தேடினால் ‘குளத்தில்’ உள்ள பக்கம் வருவதில்லை, ‘குளங்களை’யும் வருவதில்லை. ஆங்கிலத்துக்கு இது சில்லறைப் பிரச்சினை. தமிழில் பாதி நூல் கண்ணில் படாமலே போய்விடுகிறது. யாசிக்குள் தேடலைச் செய்வது சோலர் என்ற மென்பொருள், அதன் அடியில் லூசின் என்ற இன்னொன்று. விகுதிகளை வெட்டி வேர்ச்சொல்லைப் பிரிக்கும் நிரல்களின் தொகுப்பான ஸ்னோபாலில் தமிழுக்கும் ஒரு பிரிப்பான் இருக்கிறது. சோலரின் அமைப்புக் கோப்பில் அதை நுழைத்து, ‘குளம்’ கேட்டால் ‘குளத்தில்’ வருகிறதா என்று இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறேன்.