கேபினெட்டில் லோகோ: ஓரம் கசியாமல் இருக்க

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் படுக்க வையுங்கள். நிற்க வைத்து அடித்தால் ஸ்ப்ரே பெயின்ட் வழியும். 400 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால்கூட அந்த இடத்தில் பெயின்ட் சரியாகப் பிடிக்காது.

வினைல் ஸ்டென்சிலை (லோகோ வடிவத்தை வெட்டியெடுத்த ஸ்டிக்கர் தாள்) ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்துங்கள். அடுத்த வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: லோகோ நிறத்துக்கு முன், தகட்டின் நிறத்திலேயே மெல்லிசாக ஒரு கோட். கசிந்தாலும் அதே நிறம்தான், கண்ணுக்குத் தெரியாது, இடுக்கும் அடைபட்டுவிடும். பிறகு ஸ்ப்ரே கேனை 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, லோகோ நிறத்தில் 10 நிமிட இடைவெளியில் 3 மெல்லிய கோட். கடைசி கோட் லேசாகப் பிசுபிசுக்கும்போதே ஸ்டென்சிலைப் பின்னால் மடக்கி மெதுவாக உரியுங்கள். முழுக்கக் காய்ந்தபின் உரித்தால், பெயின்ட் ஏடாகப் பிய்ந்து ஓரம் பல்பல்லாக நிற்கும்.