விபத்து நடக்கும்வரை காத்திருக்காமல் ஒரு சாலையை மாற்றிய அனுபவம்

பள்ளிக்கூடம், நூலகம், பேருந்து நிறுத்தம் மூன்றும் எங்கள் பகுதியில் ஒரே சாலையில் இருக்கின்றன. அந்தச் சாலையை நடந்து கடக்கப் பாதுகாப்பான இடம் ஒன்றுகூட இருக்கவில்லை. சைக்கிளில் போகிறவர்கள் லாரிக்கும் ஓரத்தில் நிறுத்திய கார்களுக்கும் நடுவில் நெளிந்து போக வேண்டியிருந்தது. இதை மாற்றச் சொல்லிக் கேட்கத் தொடங்கியதிலிருந்து வேலை முடியும்வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இதே முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

எங்கள் முதல் மனுவுக்குப் பதிலாக ஒரு கேள்விதான் வந்தது. "இந்த இடத்தில் இதுவரை எத்தனை விபத்து நடந்திருக்கிறது?" பதிவேட்டில் சொல்லும்படியாக எதுவும் இல்லை. ஆகவே முன்னுரிமைப் பட்டியலில் இடமில்லை என்று முடித்துவிட்டார்கள்.

அதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு குழந்தை அடிபட்ட பிறகுதான் சாலை மாறும் என்றால், அந்தக் குழந்தை யார் வீட்டுக் குழந்தையாக இருக்க வேண்டும்? ஆனால் அந்தப் பதிலை எழுதிய பொறியாளர் கொடுமைக்காரர் இல்லை. கையில் இருக்கும் பணம் குறைவு, கேட்கும் ஊர்கள் நிறைய. எங்கே முதலில் செலவழிப்பது என்று தீர்மானிக்க அவர்களிடம் இருக்கும் அளவுகோல் விபத்துக் கணக்குதான். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பயந்துபோய்க் கடக்காமலே விட்டவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பாமல் காரில் கொண்டுபோய் விடும் பெற்றோரும் வருவதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத அளவுக்கு ஆபத்தான சாலை, பதிவேட்டில் பார்த்தால் பத்திரமான சாலையாகத் தெரியும்.

சரி, விபத்து எண்ணிக்கை இல்லாமலே ஆபத்தைக் காட்ட வேண்டும். எங்கள் வேலையே இதுதான் என்று புரிந்தது.

எங்கள் குழுவில் பெற்றோர்கள் இருந்தார்கள். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகும் சிலர், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண், பார்வையற்ற ஒருவர் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். தொடக்கத்தில் "இதெல்லாம் நெதர்லாந்தில்தான் நடக்கும்" என்று பலர் சொன்னார்கள். அந்த நாட்டின் கதையே எங்களுக்குத் தெம்பு கொடுத்தது. 1971இல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 3,000 பேருக்கும் மேல். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோரும் இளைஞர்களும் தெருவில் இறங்கிப் போராடித்தான் அந்தச் சாலைகள் மாறின. இன்று படத்தில் பார்க்கும் சைக்கிள் பாதைகள் யாரும் தானாகக் கொடுத்தவை இல்லை.

விபத்து நடக்காமலே ஆபத்தை அளக்க ஒரு முறை ஏற்கெனவே இருந்தது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். மோதல் நடக்கும்வரை காத்திருக்காமல், மயிரிழையில் தப்பிய சம்பவங்களைச் சாலையோரம் நின்று பதிவு செய்வது. ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார், சைக்கிள்காரர் சட்டென்று ஒதுங்குகிறார், நடப்பவர் பாதி வழியில் பின்வாங்குகிறார். இப்படி ஒருவர் கடைசி நொடியில் ஏதாவது செய்ததால் மட்டும் தவிர்ந்த மோதல்கள்தான் கணக்கு. அந்த முறையைச் சரியாகச் செய்யப் பயிற்சி வேண்டும். நாங்கள் அதன் அடிப்படையை மட்டும் எடுத்துக்கொண்டு எளிய படிவம் ஒன்று தயாரித்தோம். நேரம், யார், எந்தப் பக்கமிருந்து, தப்பிக்க யார் என்ன செய்தார், அவ்வளவுதான்.

இதில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டது பிறகு பெரிய பலமாக அமைந்தது. ஒரே இடத்தை இருவர் பார்ப்பார்கள், தனித்தனியாக எழுதுவார்கள், பேசிக்கொள்ளக் கூடாது. இருவர் தாளிலும் இருப்பதை மட்டும் சேர்த்துக்கொள்வோம். இதனால் எண்ணிக்கை குறைந்தது உண்மைதான். ஆனால் பிற்பாடு கூட்டத்தில் "நீங்கள் வேண்டுமென்றே கூட்டிச் சொல்கிறீர்கள்" என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பள்ளி தொடங்கும் நேரம், விடும் நேரம், மழைநாள் மாலை என்று மாறி மாறி நின்றோம். மழை பெய்யும் மாலையில்தான் நிலைமை மிக மோசம் என்பது அப்போது தெரிந்தது.

அப்புறம் நாடாவை எடுத்துச் சாலையின் அகலத்தை அளந்தோம். 14 மீட்டர், நான்கு தடம். சிக்னல் நேரம் கணக்கிடும்போது நடப்பவரின் வேகத்தைப் பொதுவாக நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். அந்த வேகத்தில் கடக்க 12 நொடி. வயதானவர்கள் பலர் நொடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார்கள். அவர்களுக்கு 17 நொடிக்கு மேல் வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 240 மீட்டர் வந்துவிடும். அதாவது இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் 240 மீட்டருக்கு வண்டியே இல்லாமல் இருந்தால்தான் ஒரு பாட்டி நிம்மதியாகக் கடக்க முடியும். பகலில் அப்படி ஓர் இடைவெளி கிடைப்பதே அரிது. கூட்டத்தில் இந்தக் கணக்கை எழுதிக் காட்டியது எங்கள் குழுவில் இருந்த ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். "கவனமாகக் கடக்கச் சொல்லுங்கள்" என்ற பேச்சு அன்றோடு நின்றது.

வேகத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு. ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், காய்ந்த சாலையில் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வரும் கார் அந்த 13 மீட்டரைக் கடக்கும்போது பிரேக்கே பிடிக்கத் தொடங்கியிருக்காது. முழு வேகத்தில் மோதும். நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் வண்டிகளோடு கலக்கும் இடங்களில் உச்ச வேகம் 30ஆக இருக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் நடந்த சாலைப் பாதுகாப்பு உலக மாநாட்டின் பிரகடனம் சொன்னது. அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபையும் அதை ஏற்றுக்கொண்டது. அந்தப் பிரகடனத்தையும் இரண்டாவது மனுவோடு இணைத்தோம். ஸ்பெயின் 2021இல் நகரங்களில் பக்கத்துக்கு ஒரே தடம் உள்ள சாலைகளுக்கு 30ஐ நாடு முழுவதும் சட்டமாக்கியதையும் குறிப்பிட்டோம்.

இரண்டாவது மனுவுக்குப் பதில் வேகமாக வந்தது. பொறியாளரே நேரில் வந்தார். எங்களோடு சாலை நெடுக நடந்து பார்க்க அழைத்தோம். சக்கர நாற்காலியில் வரும் தோழி முன்னால் போனார். நடைபாதையிலிருந்து இறங்க முடியாமல் அவர் சாலையிலேயே போக வேண்டிய இடம் வந்தது. பொறியாளர் எதுவும் சொல்லாமல் குறித்துக்கொண்டார். அலுவலகத்தில் பல முறை பேசியும் நகராத விஷயம் அந்த ஒரு நடையில் நகர்ந்தது. இதை மற்றவர்களுக்கு நான் அழுத்தமாகவே சொல்வேன், அதிகாரியை எப்படியாவது ஒரு முறை நடக்க வையுங்கள்.

வரைபடம் வந்த பிறகு குழுவுக்குள்ளேயே தகராறு. முதல் வரைபடத்தில் நான்கு தடமும் அப்படியே இருக்க, நடுவில் நடப்பவர்கள் நின்று கடக்கக் குறுகலான திட்டு ஒன்று மட்டும் இருந்தது. நடப்பவர்களுக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கடக்கலாம். சைக்கிள்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். திட்டு வந்தால் தடம் நெருங்கும், கார்கள் எங்களை ஓரத்தில் தள்ளிக்கொண்டு முந்தப் பார்க்கும் என்றார்கள். அவர்கள் பயம் நியாயமானது. பிரிட்டன் அரசு 2020இல் வெளியிட்ட சைக்கிள் வசதி வழிகாட்டுதல், 3.2 மீட்டரிலிருந்து 3.9 மீட்டர் வரையிலான தட அகலத்தைத் தவிர்க்கச் சொல்வதும் இந்தக் காரணத்தால்தான். முந்த இடம் இருப்பதுபோல் தோன்றும், உண்மையில் இருக்காது.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. ஒரே திசையில் இரண்டு தடம் இருக்கும்போது ஒரு வண்டி நின்று வழிவிடும். அந்த வண்டியின் மறைவிலிருந்து வெளியே வருபவரைப் பக்கத்துத் தடத்துக்காரர் பார்க்கவே முடியாது. நாங்கள் பதிவு செய்த மோசமான சம்பவங்களில் பெரும்பாலானவை இந்த வகை.

ஆகவே பக்கத்துக்கு ஒரே தடமாகக் குறைக்கச் சொல்லிக் கேட்டோம். நடுத்திட்டு 2 மீட்டர். ஒரு சைக்கிளின் நீளம் சுமார் 1.8 மீட்டர், அது வால் நீட்டாமல் திட்டுக்குள் நிற்க வேண்டும். மீதி ஒவ்வொரு பக்கமும் 6 மீட்டர். அதில் கம்பங்கள் வைத்துப் பிரித்த சைக்கிள் பாதை போக, வண்டிகளுக்கு ஒரு தடம். சைக்கிளுக்குத் தனி இடம் இருப்பதால் நெருக்கும் பிரச்சினை தீர்ந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் நான்கு தடத்தை, நடுவில் திரும்புவதற்கான தடத்தோடு மூன்றாகக் குறைப்பதால் விபத்துகள் 19 முதல் 47 சதவீதம் வரை குறைவதாகச் சொல்கிறது. பொறியாளரிடம் இந்த எண் நன்றாக வேலை செய்தது. தன் மேலதிகாரிக்குக் காட்ட அவருக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டது.

கடைக்காரர்களிடம் பேசியதுதான் கடினமான கட்டம். கடக்கும் இடத்துக்கு இருபுறமும் கார் நிறுத்தத் தடை வேண்டும், இல்லாவிட்டால் குள்ளமான பிள்ளைகள் கார் மறைவில் தெரியவே மாட்டார்கள். அமெரிக்காவின் ஹோபோக்கன் நகரம் தெருமுனைகளை இப்படித் திறந்து வைத்தது. 2017 முதல் பல ஆண்டுகள் அங்கே சாலை மரணமே நிகழவில்லை. ஆனால் வியாபாரம் போய்விடும் என்று பயப்படுபவரிடம் வேறொரு நாட்டுக் கதை எடுபடாது. அவர்கள் அனுமதியோடு கடை வாசலில் நின்று, எப்படி வந்தீர்கள் என்று வாடிக்கையாளர்களிடமே கேட்டோம். காரில் வந்தவர்கள் கடைக்காரர்கள் நினைத்ததைவிட மிகக் குறைவு. எல்லாரும் சமாதானமாகிவிடவில்லை. ஒருவர் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை, அது எனக்கு வருத்தம்தான்.

ஆம்புலன்ஸ் தாமதமாகும் என்ற எதிர்ப்பும் வந்தது. முழு அகல வேகத்தடைக்குப் பதிலாக இடைவெளி விட்ட சிறு மேடுகள் வைத்தால், அகலமான வண்டியின் சக்கரங்கள் இருபுறமும் தாண்டிப் போய்விடும். இதை விளக்கியதும் அந்த எதிர்ப்பு அடங்கியது.

கடைசியில் எல்லாரையும் ஒப்புக்கொள்ள வைத்தது "தற்காலிகம்" என்ற ஏற்பாடு. பெயிண்ட், வளையும் பிளாஸ்டிக் கம்பங்கள், கனமான பூந்தொட்டிகள், அவ்வளவுதான். சரிப்படாவிட்டால் எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தோம். முதல் வாரம் வசவு மழை. வண்டிகள் வரிசையில் நின்றன, ஹாரன் சத்தம் தாங்கவில்லை. குழுவில் சிலர் தளர்ந்துபோனார்கள். அளப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருந்தார். பழைய படிவம், பழைய நேரம், பழைய இடம், அதே இரண்டு பேர். வாரங்கள் போகப் போக ஓட்டுநர்கள் பழகினார்கள், வரிசை குறைந்தது, மயிரிழைச் சம்பவங்களும் வெகுவாகக் குறைந்தன. நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பிள்ளைகள் தாங்களாகவே சைக்கிளை வெளியே எடுத்தார்கள்.

நிரந்தரக் கட்டுமானத்துக்கு ஒப்புதல் வந்தபோது பார்வையற்ற நண்பர் ஒரு குறையைப் பிடித்தார். கடக்கும் இடத்தைச் சாலையிலிருந்து நடைபாதை உயரத்துக்கு மேடாக்கினால், நடைபாதை எங்கே முடிகிறது என்று கைத்தடிக்குத் தெரியாது. அவர் சொன்னபடி விளிம்பில் புடைப்புப் புள்ளிகள் உள்ள ஓடுகள் சேர்க்கப்பட்டன. வரைபடம் பார்த்த எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

இப்போது அடுத்த வேலை, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய சந்திப்பின் சிக்னல். அங்கே நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு வயதானவர்கள் பாதி தூரம் போவதற்குள் அணைந்துவிடுகிறது. இந்த முறை பொறியாளர் விபத்து எண்ணிக்கை கேட்கவில்லை. எங்கள் படிவத்தின் நகல்தான் கேட்டார், கொடுத்திருக்கிறோம்.