பழைய கணினிக்கு ரேம் வாங்கும் முன்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலுள்ள இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர் கொண்ட கணினி, 4 ஜிபி ரேமுடன் (தற்காலிக நினைவகம்) பிரவுசரைத் திறக்கவே திணறுகிறது. புதிதாக வாங்குவதைவிட ரேமைக் கூட்டுவதே சிக்கனம் என்பதால், சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகும் முன் சிலவற்றைச் சரிபார்த்துக்கொண்டேன்.

முதலில் ரேமின் தலைமுறை, அதாவது டிடிஆர் எண். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 முனைகளே என்றாலும் அவற்றிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். டிடிஆர்4-க்கோ 288 முனைகள். எனவே ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. எங்கள் மதர்போர்டு எச்61 சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) கொண்டது: டிடிஆர்3, இரண்டு ஸ்லாட்டுகள், அதிகபட்சம் 16 ஜிபி. 1600 வேக ரேமைப் பொருத்தினாலும் இந்த ஐ3-இல் அது 1333-லேயே ஓடும். அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

உண்மையான சிக்கல் பழைய ரேம் வாங்கும்போதுதான் வருகிறது. சர்வர்களிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ரேம் மலிவாகக் கிடைக்கும், ஸ்லாட்டில் அழகாகப் பொருந்தவும் செய்யும், ஆனால் அதைப் போட்டால் சாதாரண வீட்டுக் கணினி இயங்கத் தொடங்காது. ஒட்டியிருக்கும் சீட்டில் 'பிசி3-10600ஆர்' என்பதுபோல 'ஆர்' (ரெஜிஸ்டர்டு) என முடிந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்கக் கூடாது. 'யூ' என முடிந்தால் வாங்கலாம். 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று விற்கப்படும் 4 ஜிபி ரேமும் எங்கள் இன்டெல் போர்டுக்கு உதவாது. (கடைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருப்பதைவிட, இருக்கும் ரேமின் சீட்டைச் செல்போனில் படமெடுத்துக் காட்டுவது எளிது.)

இருப்பதைப் போலவே இன்னொரு 4 ஜிபி வாங்கி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டால் இரண்டிலும் ஒரே நேரத்தில் தரவு போய்வரும் இரட்டைச் சேனலும் கிடைக்கும். வீட்டு உபயோகத்துக்கான 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது என்பதால், அதற்கு முன்பே 64 பிட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.