தொட்டியடிப் பூனையும் குடற்புழு மருந்தும்

எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மூன்று குட்டிகள் ஈன்ற சாம்பல் நிறப் பூனை, நான் எட்டடி தள்ளி நின்றாலே சீறும். ஐந்து வாரமாகியும் குட்டிகளுக்கு வயிறு மட்டும் பானை போல் உப்பியிருக்க, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. ஒரு நாள் காலை, தாய் படுத்தெழுந்த சாக்கின் மீது நொய்யரிசி போல ஏதோ சிதறிக் கிடந்தது. அவற்றுள் ஈரம் காயாத ஒன்று சுருங்கி நீண்டு நகர்ந்த பிறகுதான் அது நாடாப்புழுவின் துண்டு என்று எனக்கு உறைத்தது.

அரசு கால்நடை மருந்தகத்தில் மலம் கொண்டுவரச் சொன்னார்கள். முதல் நாள் நான் கொண்டுபோனது வெயிலில் காய்ந்தது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் காத்திருந்து எடுத்துச் சென்றதில் உருண்டைப்புழு முட்டைகள் தெரிந்தன. நாடாப்புழுவின் முட்டை ஒன்றுகூட இல்லை. அம்முட்டைகள் துண்டுகளுக்குள் பொதிந்தே வெளியேறுவதால் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்குவதில்லை, நீங்கள் கண்ணால் கண்டதே போதும் என்றார் மருத்துவர். உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிகளுக்குப் போய்ச் சேரும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

குட்டிகளுக்கு உருண்டைப்புழுவுக்கான பைரன்டெல் திரவ மருந்தை எடைக்கேற்பக் கொடுக்க வேண்டியிருந்ததால், தாய் இரை தேடப் போன நேரத்தில் சமையலறைத் தராசில் கிண்ணம் வைத்து நிறுத்தேன்: 380, 410, 450 கிராம். ஊசி கழற்றிய சிரிஞ்சால் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். மறுநாள் ஒரு குட்டியின் மலத்தில் வெந்த சேமியாவைப் போலப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. உடலுக்குள் அலையும் இளம்புழுக்களை அம்மருந்து தொடாது என்பதால், இரண்டு வாரம் கழித்து மீண்டும் கொடுத்தேன்.

தாய்க்குரிய பிராசிகுவான்டெல் என்னும் நாடாப்புழு மாத்திரையோ கடுங்கசப்பு. அதைப் பொடித்து மீனில் பிசைந்து வைத்தது என் அறியாமை. ஒரு வாய் நக்கியதும் வாயில் நுரை தள்ள ஓடிய பூனை இரண்டு நாள் தட்டுப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வெறும் மத்தித் துண்டுகள் இரண்டை முதலில் வீசி, மாத்திரை பொதிந்ததை மூன்றாவதாக வீசினேன். பசியில் மெல்லாமல் விழுங்கிவிட்டது.

அத்துடன் முடிந்தது என்றிருந்தேன். ஒரு மாதத்தில் அதே சாக்கில் அதே நொய்யரிசி. நாடாப்புழு முட்டையைத் தின்று வளர்ந்த தெள்ளுப்பூச்சியைப் பூனை உடலை நக்கும்போது விழுங்குகிறது என்பதால், தெள்ளு இருக்கும் வரை மாத்திரைக்கு முடிவே இல்லை. மருந்துக் கடை ஒன்றில் தெள்ளுக்கு மருந்து கேட்டபோது, நாய்களுக்கான சொட்டு மருந்தை எடுத்துத் தந்தார்கள். அட்டையில் பெர்மெத்ரின் என்றிருந்ததைப் படித்ததால் தப்பித்தோம். நாய்க்கு ஒத்துப்போகும் அது பூனைக்கு உயிர்க்கொல்லி.

குட்டிகள் பால் மறந்தபின் தாயைக் கூண்டு வைத்துப் பிடித்துக் கருத்தடைக்குக் கொண்டுபோனேன். மயக்கத்தில் இருந்தபோதே மருத்துவர் பூனைகளுக்குரிய தெள்ளு மருந்தைப் பிடரியில் விட்டு, நாடாப்புழுவுக்கும் மருந்து கொடுத்தார். நான் சாக்கை எரித்துவிட்டு, துவைக்கத் தோதான பழைய வேட்டியை விரித்தேன்.

இரண்டு மாதமாக வாரந்தோறும் அதை உதறிப் பார்க்கிறேன். முடி மட்டுமே விழுகிறது. எலி தின்பதால் வேறொரு வகை நாடாப்புழு வரக்கூடும் என்பதற்காக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூன்றாவது மத்தித் துண்டு தொடர்கிறது.