தோட்டப் பணிநாள்: கையில் முத்திரை இருந்தது, தூதுவளை போய்விட்டது

எங்கள் குடியிருப்புத் தோட்டத்தில் ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிறன்று பணிநாள் நடத்தி முடித்தோம். எட்டுப் பாத்தியும் தயாராகிவிட்டன, கத்தரி நாற்று வேர் பிடித்துவிட்டது. ஆனாலும் தெற்கு வேலியோரம் போகும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது. அங்கே ஆறு வருஷமாகப் படர்ந்திருந்த தூதுவளைக் கொடி அன்று காலை எட்டரை மணிக்குக் களையோடு களையாகப் போய்விட்டது. அதை வைத்து வளர்த்தவர் எதிர்வீட்டுப் பாட்டி. பிடுங்கிய பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அடையாளம் வைக்காமல் விட்டது நான்தான்.

எங்கள் இடம் சென்னைப் புறநகரில் ஓஎஸ்ஆர் நிலம். பெரிய மனைப்பிரிவு போடும்போது 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்களே, அதுதான். நாங்கள் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டாலும் நிலம் எங்களுடையது இல்லை. வழக்கமாக நாலைந்து பேர் சாயங்காலம் செய்கிற வேலைக்கு யாரும் கேள்வி கேட்டதில்லை. அறுபது பேரை வரவழைத்துக் கடப்பாரை போடப்போகிறோம் என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும் என்று சங்கத்தில் எல்லாருமே சொன்னோம். அங்கே ஆரம்பித்தது அலைச்சல்.

முதல் தடவை உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனபோது கடிதத்தை வாங்கி மேசை மேல் வைத்துக்கொண்டு, "பார்த்துச் சொல்றோம்" என்றார் எழுத்தர். பத்து நாள் கழித்துப் போனால், "அப்படி எந்த லெட்டரும் வரலையேம்மா" என்கிறார். என்னிடம் நகலும் இல்லை, முத்திரையும் இல்லை. அரை நாள் சம்பளம் போனதோடு திரும்பினேன். இரண்டாவது கடிதத்தைக் கொடுத்தபோது, இது பூங்கா என்பதற்கு என்ன ஆதாரம், தானப் பத்திரத்தின் நகலைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். மனை விற்ற நிறுவனம் போனையே எடுக்கவில்லை.

இங்கே கைகொடுத்தவர் மூன்றாவது தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர் ஐயா. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமலே பார்க்கலாம் என்று சொல்லி, சர்வே எண்ணைப் போட்டுத் தேடிக் கொடுத்தார். உள்ளாட்சியின் பெயருக்குத் தானமாக எழுதிய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் அதிலேயே இருந்தன. அந்த எண்ணைக் கடிதத்தில் எழுதி, வில்லங்கச் சான்றையும் சேர்த்து இணைத்துக் கொடுத்ததும் பேச்சின் தொனியே மாறிவிட்டது. உதவிப் பொறியாளர் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டார்: மரம் வெட்டக் கூடாது, நிரந்தரக் கட்டுமானம் கூடாது, குப்பையை நீங்களே அப்புறப்படுத்த வேண்டும். எங்கள் நகலிலும் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். அரசு அலுவலகத்தில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றில் முத்திரை விழாமல் படியிறங்காதீர்கள்.

ஆள் சேர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. வாட்ஸ்அப்பில் 62 பேர் வருவதாகச் சொன்னார்கள், வந்தது 27 பேர். இது எல்லா இடத்திலும் நடப்பதுதான், பாதிக்கும் குறைவாகவே வருவார்கள் என்று கணக்குப் போட்டு வைப்பது நல்லது. அதை ஈடுகட்டத்தான் பக்கத்துக் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைக் கேட்டிருந்தோம். அவர்களுக்கு வருஷத்துக்கு 120 மணி நேரம் பணி செய்தாக வேண்டும் என்ற கணக்கு இருப்பதால் மகிழ்ச்சியாகவே ஒத்துக்கொண்டார்கள். சங்கத்தின் முகவரித் தாளில் அழைப்புக் கடிதமும், முடிந்த பிறகு யார் யார் எத்தனை மணி நேரம் என்று கையெழுத்திட்ட பட்டியலும் தர வேண்டும். அவ்வளவுதான்.

எரு விஷயத்தில் நன்றாக ஏமாந்தோம். நன்கு மக்கிய தொழு உரம் என்று பேசி முன்பணம் கொடுத்திருந்தோம். சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு வந்த குட்டியானை, கேட்டுக்கு வெளியே நடுவழியில் கொட்டிவிட்டுப் போய்விட்டது. காலையில் குவியலுக்குள் கையை விட்டால் சூடு, நாற்றம் வேறு. பாதி மக்கிய சாணி அது. அதை அப்படியே பாத்தியில் போட்டால் நாற்றின் வேர் வெந்துபோகும், கரையானும் வேர்ப்புழுவும் சேரும். மக்கிய எருவுக்கு வாடை இருக்காது. கறுப்பாக, உதிரியாக, கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். இறக்கும்போது எங்களில் ஒருவராவது அங்கே இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம். கடைசியில் அந்தக் குவியலை மூலையில் சேர்த்து மூடாக்குப் போட்டுவிட்டு, வீடு வீடாகப் போய் மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் திரட்டினோம்.

சரி, ஞாயிறு காலைக்கு வருகிறேன். ஆறரைக்குத் தொடங்குவதாக இருந்தது. எங்கள் ஆட்கள் ஏழுக்குள் கூடிவிட்டார்கள். மாணவர்களின் பேருந்து எட்டு மணிக்குத்தான் வந்தது, அதில் 41 பேர். ஆக 68 பேருக்கு எங்களிடம் இருந்தவை 9 மண்வெட்டி, 3 கடப்பாரை, 14 களைக்கொத்து, 10 பாண்டு. இவ்வளவு பேர் கையைக் கட்டி நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. உற்சாகமாக வந்த பிள்ளைகளை எவ்வளவு நேரம் நிற்க வைப்பது? "அப்போ அந்தத் தெற்குப் பக்கக் களையெல்லாம் கையால எடுங்கப்பா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாக்கியம்தான்.

தூதுவளை தெரியாதவர்களுக்கு அது வேலியில் ஏறிக் கிடக்கும் ஒரு முள் கொடி. காலில் குத்துமே என்று கையுறை போட்டு, ரொம்பக் கவனமாக வேரோடு இழுத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே பாட்டி பாத்தி கட்டியிருந்த கரிசலாங்கண்ணியும் போயிற்று, அதுவும் வரப்பில் முளைக்கிற செடி மாதிரித்தானே இருக்கும். நான் அந்த நேரத்தில் வடக்கு மூலையில் நின்றிருந்தேன். அரை அடிக்குக் கீழே செங்கல்லும் கான்கிரீட்டுமாக வந்துகொண்டிருந்ததால், இரண்டு பாத்திகளைத் தோண்டுவதை விட்டுவிட்டு மேலே மண் ஏற்றி மேட்டுப்பாத்தியாக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் வண்டியில் ஒருவர் வந்து இறங்கினார். காலி இடத்தில் கார் நிறுத்திப் பழகிய யாரோ புகார் செய்திருக்கிறார்கள். "யாரைக் கேட்டு இதெல்லாம் செய்றீங்க, உடனே நிறுத்துங்க" என்று அதட்டினார். பையிலிருந்து முத்திரை போட்ட நகலை எடுத்து நீட்டினேன். குறிப்பைப் படித்தார், கையெழுத்தைப் பார்த்தார், போனில் படம் எடுத்துக்கொண்டார். "குப்பையை மட்டும் ரோட்டுல போடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அத்தனை முறை படியேறியதற்கான பலன் அந்த இரண்டு நிமிஷத்தில் கிடைத்தது. அந்தத் தாள் இல்லையென்றால் 68 பேரையும் அப்படியே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

அந்த நிம்மதியோடு திரும்பினால் பாட்டி வேலியோரம் நிற்கிறார். கையில் வாடிய கொடியின் ஒரு துண்டு. பேரனுக்குச் சளி பிடித்தால் அதில்தான் ரசம் வைப்பார், எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கும் அந்த இலை போயிருக்கிறது. என்னைப் பார்த்து, "விடும்மா, புள்ளைங்க தெரிஞ்சா செய்தாங்க" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. என்னாலும் எதுவும் சொல்ல முடியவில்லை.

முந்தின நாளே ஒரு மணி நேரம் ஒதுக்கி, இருக்க வேண்டிய ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தால் இது நடந்திருக்காது. தோட்டத்தைத் தெரிந்த ஒருவரைப் பத்துப் பேருக்கு ஒருவராக நிறுத்தியிருக்கலாம். முதல் பத்து நிமிஷம் எல்லாரையும் நடக்க வைத்து இது களை, இது மூலிகை என்று கையால் தொட்டுக் காட்டியிருக்கலாம். கருவி குறைவாக இருந்தால் ஆட்களை இரண்டு வேளையாகப் பிரித்து அழைத்திருக்கலாம். இதெல்லாம் எனக்கு அன்று ராத்திரி படுத்த பிறகுதான் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

வேறு சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பார்த்தீனியத்தை வெறுங்கையால் தொட விடாதீர்கள். எங்கள் பெண் ஒருத்திக்கு முழங்கை வரை தடித்து அரிப்பெடுத்தது. பூத்த பார்த்தீனியத்தையும் கோரைக் கிழங்கையும் உரக்குழியில் போட்டால் அடுத்த மழைக்குப் பாத்தியெல்லாம் அதுவாகத்தான் முளைக்கும், தனிச் சாக்கில் கட்டுங்கள். நூல் கையுறை அரை மணி நேரத்தில் கிழிந்துவிடுகிறது, உள்ளங்கையில் ரப்பர் பூசியதுதான் தாங்கும். பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்பதை முன்பே பேசி முடியுங்கள். எங்களுக்கு முனை வீட்டு அக்கா தானாகவே கதவைத் திறந்துவிட்டார், இல்லாவிட்டால் அந்த மாணவிகள் திண்டாடியிருப்பார்கள். ஞாயிறன்று குப்பை வண்டி வராது. கட்டிவைத்த 23 சாக்கும் புதன்கிழமை வரை கிடந்தன, யாராவது தீ வைத்துவிடுவார்களோ என்று முறை போட்டுக் காவல் இருந்தோம். பத்து மணிக்கு மேல் ஆடி வெயிலிலும் வேலை ஓடாது. மோரும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் கொடுத்தும் ஒரு மாணவருக்குத் தலை சுற்றியது, பத்தேகாலுக்கு நிறுத்திவிட்டோம்.

தூதுவளை விஷயத்தை அன்று மாணவர்களிடம் நான் சொல்லவில்லை, எப்படியோ தெரிந்திருக்கிறது. போன வியாழக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருடைய ஊர் திண்டிவனம் பக்கம், பாட்டி வீட்டுக் கொல்லையிலிருந்து இரண்டு தூதுவளைக் கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். எதிர்வீட்டுப் பாட்டியே குழி எடுத்து வைத்தார். ஒன்று வாடிவிட்டது, இன்னொன்றில் இன்று காலை ஒரு துளிர் வந்திருக்கிறது. பக்கத்தில் குச்சி நட்டுத் தன் பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துணியைப் பாட்டி கட்டியிருக்கிறார். கரிசலாங்கண்ணி விதைக்குத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.