பெருக்கல் குறி போட்ட சுரங்கள்: 'கோனிக்ஸ்கிண்டர்' ஒத்திகைக் குறிப்பேடு

மார்ச் 3

ஜெர்மன் இசையமைப்பாளர் ஹும்பர்டிங்க் என்றாலே 'ஹென்ஸல் உண்ட் கிரேட்டல்' ஓபராதான் (1893). 'கோனிக்ஸ்கிண்டர்' தெரிந்தவர்களும், 1910 டிசம்பர் 28-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் அரங்கேறிய ஓபராவைத்தான் சொல்வார்கள். வாத்து மேய்க்கும் பெண்ணாகப் பாடகி ஜெரால்டின் ஃபாரர் நிஜ வாத்துகளோடு மேடையேறினாரே, அது. 13 ஆண்டு முன்பே, 1897 ஜனவரி 23-ல், மியூனிக்கில் இதே கதை நாடகமாக வந்துவிட்டது. எழுதியவர் எல்ஸா பெர்ன்ஸ்டைன். புனைபெயர் எர்ன்ஸ்ட் ரோஸ்மர். நடிகர்கள் வசனம் பேச, ஆர்கெஸ்ட்ரா கூடவே வரும். நாம் எடுப்பது இந்த முதல் வடிவத்தை.

மார்ச் 5

வசனத்துக்கு மேல் சுரக்குறி இருக்கிறது; உருண்டைத் தலைக்குப் பதில் பெருக்கல் குறி. சுரத்தின் நீளத்தைக் காட்டும் காம்பும் கொடியும் வழக்கம்போலவே. ஆக, நீளம் கறார், உயரம் தோராயம். விருத்தத்துக்கு நேர் எதிர்: அங்கே சுரம் உண்டு, தாளம் இல்லை. இப்படிச் சுரக்குறியோடு பேசும் முறைக்குப் பேர்போன 'பியரோ லூனேர்' படைப்பை இசையமைப்பாளர் ஷான்பெர்க் எழுதியதே 1912-ல்தான்.

மார்ச் 9

பழகும் வரிசை: முதலில் மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக் கருவி) போட்டு ஒரே தொனியில் தாளம் மட்டும். பிறகு பியானோவில் சுரங்களை வாசிக்கக் கேட்டு, ஏற்ற இறக்கத்தோடு பேசுவது. மூன்றாவது, பியானோவை நிறுத்திவிட்டுப் பேசுவது. இரண்டாவதிலேயே தங்கிவிட்டால் பேச்சு பாட்டாகிவிடும்.

மார்ச் 10

பாட்டாவது ஏன் என்றால், குரல் சுரத்தில் போய் நின்றுவிடுகிறது. தொட்டவுடன் நழுவ வேண்டும். ஜெர்மன் குறில் உயிர்களை இழுத்தாலும் இதே கதிதான். பாடகர்கள் பாடிவிடுவார்கள், நடிகர்கள் தாளத்தை விட்டுவிடுவார்கள். அன்றைய நடிகர்களும் இதில் திணறினார்கள். இந்த வடிவம் மேடையை விட்டுப் போனதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. ஓபராவாக்கியபோது ஹும்பர்டிங்க் வசனத்தைப் பாட்டாகவே மாற்றிவிட்டார்.

மார்ச் 16

பியானோ ஒத்திகையை நம்பக் கூடாது. பியானோ ஒலி தட்டியதுமே தேயும். அந்த இடைவெளியில் பேச்சு தெளிவாகக் கேட்கும். ஆர்கெஸ்ட்ராவிலோ வயலின்கள் வில்லை இழுத்துக்கொண்டே இருக்கும், மெய்யெழுத்துகள் முழுகிப்போகும். பேச்சு வரும் இடங்களில் தந்தி வாத்தியங்களில் பாதிப் பேர் போதும், அதுவும் மியூட் (ஒலியைத் தணிக்கும் பிடி) போட்டு. நடிகரைக் கத்தச் சொன்னால் தொனி ஏறி, எழுதிய வளைவே போய்விடும்.

மார்ச் 17

நிஜமாகவே பாட வேண்டிய பாட்டுகளும் நடுவில் உண்டு, அவற்றுக்கு உருண்டைத் தலை. பாட்டு முடிந்து பேச்சு தொடங்கும் முதல் சொல்லில்தான் எல்லோரும் தடுக்குகிறார்கள். அந்த இடங்களில் பென்சிலால் ஒரு மூச்சுக்குறி.