கரையில் நட்ட கல்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு கல்லைத் தேடிப் பிடிக்கச் சொன்னார்கள். கடற்கரை எப்படி மாறுகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்து பதிவு செய்யும் திட்டம் அது. நான் களப் பணியாளர். நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவ ஊரில், எனக்கு முன்னால் வேலை பார்த்தவர்கள் ஒரு சிமெண்ட் கல்லை நட்டு அதன் தலையில் பித்தளைக் குமிழ் ஒன்றைப் பதித்திருந்தார்கள். அந்தக் குமிழில் தொடங்கித் தண்ணீர் வரை மணலின் உயரத்தை எடுக்க வேண்டும். ஜிபிஎஸ் கருவி காட்டிய இடத்தில் போய் நின்றேன். முழங்கால் வரை தண்ணீர்.

கொஞ்சம் தள்ளி, படகு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கூப்பிட்டார். "கல்லையா தேடுற தம்பி? அது போன ஐப்பசியிலயே போயிடுச்சு."

அன்றைக்கு அதை ஒரு தகவலாக மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நாங்கள் நடும் கல்லைக் கடல் எடுத்துக்கொண்டு போவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் என்று பிறகுதான் தெரிந்தது.

பள்ளியில் இந்தியாவின் கடற்கரை 7,516 கிலோமீட்டர் என்று படித்தோம். இப்போது அரசின் கணக்கு 11,098 கிலோமீட்டர். நிலம் கூடவில்லை. முன்பு பெரிய அளவில் சுருக்கிய வரைபடத்தை வைத்து அளந்தார்கள். இப்போது இன்னும் நுணுக்கமான வரைபடத்தில் ஒவ்வொரு கழிமுகத்தையும் வளைவையும் சேர்த்து அளக்கிறார்கள். கோல் சிறியதாக ஆக, கரை நீளும். ஆனால் கரையில் நடந்து அளப்பவனுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. காலையில் எடுத்த கோடு மாலையில் இருக்காது. தமிழகக் கரையில் ஓதம், அதாவது தினமும் கடல்மட்டம் ஏறி இறங்குவது, பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு உள்ளேதான். சாய்வு குறைந்த மணலில் அந்த ஒரு மீட்டரே தண்ணீரை எங்கெங்கோ கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், நீர் நன்றாக வற்றும் நேரம் பார்த்து இறங்குவோம். கருவி பொருத்திய கம்பத்தின் அடியில் தட்டு ஒன்று இருக்கும், மணலில் புதையாமல் நிற்க. சில அடிக்கு ஒரு தடவை நிறுத்தி, கம்பம் நேராக நிற்பதைக் காட்டும் நீர்மட்டக் குமிழி நடுவில் வரும்வரை காத்திருந்து, ஒரு பதிவு. சாய்வு மாறும் இடங்களில் கூடுதலாக ஒன்று. இடுப்பளவு தண்ணீர் வரை போவோம். அலை வந்து கம்பத்தைச் சாய்க்கும், மறுபடி நிமிர்த்த வேண்டும். எடுத்த புள்ளிகளைச் சேர்த்தால் கரையின் பக்கவாட்டுத் தோற்றம் கிடைக்கும், ஒரு மலையை நடுவில் வெட்டிப் பார்த்தது போல.

இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே ஊரில் சித்திரையில் ஒருமுறை, கார்த்திகைக் கடைசியில் ஒருமுறை அளந்தேன். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மணல்மேடு பாதி காணவில்லை. பதறிப்போய், கரை வேகமாக அழிகிறது என்று அறிக்கை எழுதி அனுப்பிவிட்டேன். அடுத்த முறை போனபோது அந்தப் படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். அவர் படத்தை ஒரு நொடிதான் பார்த்தார். கடலைக் காட்டினார்.

"அந்தா, வெள்ளையா உடையுது பாரு அலை. அதுக்கு அடியில மேடு கட்டிக் கிடக்கு. இங்க இருந்த மணலுதான். வைகாசி, ஆனியில வந்து பாரு, திரும்பி ஏறியிருக்கும்."

ஏறியிருந்தது, முழுதாக இல்லாவிட்டாலும் பெரும்பகுதி. வடகிழக்குப் பருவமழைக் காலத்து அலைகள் கரையின் மணலை இழுத்துக் கடலுக்குள் ஒரு திட்டாகப் போட்டு வைக்கும். கடல் அடங்கிய மாதங்களில் சின்ன அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவரும். இது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம்தான், நானும் படித்திருந்தேன். கண்ணால் பார்த்தபோது மட்டும் மறந்திருந்தேன். அனுப்பிய அறிக்கை தவறு என்று எழுதித் திரும்ப வாங்கினேன். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், கருவியை எடுக்கும் முன் அங்கே பாட்டுக்கு, அதாவது மீன்பிடிக்க, போய்த் திரும்பியவர் யாராவது ஒருவரிடம் பேசிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

போகும், திரும்பி வரும் என்றால் பிறகு கரை ஏன் தேய்கிறது? மணல் கரைக்கும் கடலுக்கும் நடுவில் மட்டும் நகர்வதில்லை. கரையை ஒட்டிப் பக்கவாட்டிலும் ஓடுகிறது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே, பருவமழை மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே. இரண்டையும் கழித்துப் பார்த்தால் மிச்சம் வடக்கு நோக்கித்தான். ஒரு ஊரின் மணல் அதற்குத் தெற்கே உள்ள ஊரிலிருந்து வந்தது. அதை நடுவில் யாராவது மறித்தால் வடக்கே இருப்பவனுக்குப் பங்கு கிடைக்காது.

சென்னை இதற்குக் கண்கூடான சாட்சி. பழைய ஓவியங்களில் புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டியே அலை அடிக்கும். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் சுவரில் மோதித் தெற்கே தேங்கியது. இன்றைக்கு நாம் காலாற நடக்கும் மெரினாவின் அகலம் அப்படி வளர்ந்ததுதான். அதே காலத்தில் துறைமுகத்துக்கு வடக்கே, ராயபுரம் தொடங்கி எண்ணூர் பக்கம் வரை, கரை தேய்ந்து தெருக்கள் கடலுக்குள் போயின. மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும்போதெல்லாம் அந்த வடக்குப் பக்கத்து ஞாபகம் வந்துவிடுகிறது எனக்கு.

புதுச்சேரியிலும் இதேதான் நடந்தது. 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்தது; நகரத்துக்கு முன்னால் இருந்த மணல் போய்க் கருங்கல் மட்டும் மிஞ்சியது. 2018இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அங்கே நீருக்கடியில் ஆப்பு வடிவத்தில் எஃகுத் திட்டு ஒன்றை அமைத்த பிறகு ஒரு பகுதியில் மணல் திரும்பியிருக்கிறது. ஒரு தலைமுறையே மணலைப் பார்க்காமல் வளர்ந்த கடற்கரையில் பிள்ளைகள் மணல்வீடு கட்டுவதைப் பார்த்தபோது மனசு நிறைந்தது.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, இந்தியப் பெருநிலக் கரையில் 33.6 சதவீதம் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகச் சொன்னது. தமிழகத்தில் அது 42.7 சதவீதம்.

செயற்கைக்கோளுக்கு முந்தைய காலத்துக்கு எதை வைத்து அளப்பது? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய கட்டடங்கள் பக்கம் இழுத்தது. தரங்கம்பாடிக்கு வேலையாகப் போகிறவரை எனக்கு அது டேனியர் கோட்டை இருக்கும் ஊர், அவ்வளவுதான். 1620இல் தொடங்கிய கோட்டை. 1845இல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஆனால் அளப்பவனுக்குக் கோட்டையைவிட மாசிலாமணிநாதர் கோயில்தான் முக்கியம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. யாரும் அலை அடிக்கும் இடத்தில் கோயில் கட்ட மாட்டார்கள். முன்னால் நிலம் இருந்திருக்க வேண்டும். அந்த நிலமும், பிறகு கோயிலின் முன்பகுதியும் கடலுக்குள் போயின. கல்வெட்டு ஆண்டைச் சொல்கிறது, கட்டடம் இடத்தைச் சொல்கிறது; எங்கள் துறையில் இதைவிடப் பழைய அளவுக்கல் கிடைக்காது.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில் இது தலைகீழாக நடந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மணலை வாரிக்கொண்டு போனபோது ஒரு பாறையில் எழுத்துகள் தெரிந்தன. தொல்லியல் துறை தோண்டியதில் முருகன் கோயில் ஒன்று வெளிவந்தது. மேலே பல்லவர் காலத்துக் கருங்கல், அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டு. அதற்கு முன்பும் பேரலைகள் அந்தக் கோயிலைத் தாக்கியிருக்க வேண்டும் என்று அகழ்ந்தவர்கள் கருதினார்கள். அங்கே நின்று அந்தச் செங்கல்லைப் பார்த்தால் கை தானாகக் கும்பிடப் போகிறது. பக்தியா, பயமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அரிப்பு என்றதும் எல்லோரும் கேட்பது கருங்கல் தடுப்பு அல்லது கடலுக்குள் நீட்டிக் கல்லால் கட்டும் தூண்டில் வளைவு. கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வீட்டு வாசலில் அலை நிற்கும்போது வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் கல் கொட்டி முடித்த ஓர் ஊரில், கருவாடு போடும் அம்மா ஒருவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "வீடு நிக்குது, சரி. நான் மீனை எங்க காய வைக்கிறது? படகை எங்க ஏத்துறது?" கல்லுக்கு முன்னால் இருந்த மணலும் அடுத்த சில மழைக்காலங்களில் போய்விட்டது. கரைவலை இழுக்க இடமில்லை. அவர் கருவாட்டைத் தன் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

அக்கறை என்ற பெயரிலும் கெடுதல் நடக்கிறது. ஒரு கடற்கரையில் சுத்தம் செய்கிறோம் என்று இயந்திரத்தை ஓட்டி, குப்பையோடு அடம்பங்கொடியையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். ஊதாப் பூப் பூத்து மணலில் படர்ந்து கிடக்கும் கொடி அது. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துக் கொடியாக, அடும்பு என்ற பெயரில் வரும். காற்றில் வரும் மணலைப் பிடித்து நிறுத்தி மேடாக்குவது அதுவும் ராவணன் மீசைப் புல்லும்தான். கொடி போன ஒரே ஆண்டில் அந்த மேட்டின் உயரம் குறைந்ததை என் கம்பத்திலேயே அளந்தேன். குப்பையைக் கையால் பொறுக்கலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமை முட்டையிடும் மாதங்களில் கையால் மட்டும்தான் பொறுக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது, 2011இலும் 2019இலும் மாற்றி எழுதினார்கள். ஓதம் உச்சத்தில் எட்டும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. மக்கள் நெருக்கமாக வாழும் கிராமப்புறக் கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதியை 2019இல் 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தார்கள். கல்லைத் தண்ணீருக்குள் தேடியவன் என்ற முறையில் சொல்கிறேன், 50 மீட்டர் போதாது. மணல் போய் வர அதைவிட அதிக இடம் வேண்டும்.

காணாமல் போன கல்லுக்குப் பதில் புதியது நடப் போனபோது, பழைய இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். பெரியவர் தலையை ஆட்டினார். என்னைக் கூட்டிக்கொண்டு படகுகளைத் தாண்டி, சவுக்குத் தோப்பைத் தாண்டி, இரண்டு தெரு தாண்டி மாரியம்மன் கோயில் வரை நடந்தார். அடித்தளத்துக் கருங்கல்லில் ஒரு மூலையைக் காட்டி, "இங்க வை" என்றார். அவர் தாத்தா காலத்தில் அந்தக் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே இன்னும் இரண்டு தெரு இருந்ததாம்.

குமிழை அங்கேயே பதித்தோம். அளவுக் கோடு இப்போது நீளமாகிவிட்டது. வீடுகளுக்கு நடுவே போகிறது. முதல் பதிவு கோயில் வாசலில். இரண்டாவது ஒரு வீட்டு முற்றத்தில், நெத்திலி காயும் பாயின் நடுவில் விழுந்தது. நான் தயங்கி நிற்பதைப் பார்த்து அந்த வீட்டுப் பெண் வந்து, பாயின் ஒரு முனையை மடித்துக் கம்பம் ஊன்ற இடம் விட்டார்.